உரல், உலக்கை, தாய்ச்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் சீனாவில் தாய்ச்சி என்ற, மெதுவாக அசைந்து செய்கிற சண்டைக்கலையைக் கற்ற அனுபவத்தை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். 2012-ல் மருத்துவம் படிக்க ஹெனான் மாகாணத்தின் தலைநகரான ஜெங்ஜோவுக்குப் போனேன், 2018-ல் ஊர் திரும்பும்வரை லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் பிடித்து வென் மாவட்டத்தில் இருக்கும் சென்ஜியாகோவ் என்ற கிராமத்துக்குப் போய்த் தாய்ச்சி கற்றுக்கொண்டேன், இப்போது புதுச்சேரியில் டாக்டராக வேலை பார்க்கிறேன். அந்தக் கட்டுரைக்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

டாக்டருக்குப் படிக்கப் போன இடத்தில் சண்டைக்கலை மேல் ஆசை எப்படி வந்தது? வீட்டில் திட்டவில்லையா?
வாசகி, மஞ்சக்குப்பம்

ஆசை என்று சொல்ல முடியாது, தனிமைதான். முதல் வருடக் குளிர்காலத்தில் விடியற்காலையிலேயே தூக்கம் போய்விடும், ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருந்தால் அழுகை வரும், அதனால் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்கு நடப்பேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பாட்டிகள் வரிசையாக நின்று மெதுவாகக் கையைக் காலை அசைத்துக்கொண்டிருப்பார்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்ததைச் செய்வேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு பாட்டி வந்து ஒன்றுமே பேசாமல் என் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்திவிட்டார். நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய முன்னால் ஒருவர் இருப்பார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் செய்தது 24 அசைவு கொண்ட சுருக்க வடிவம், 1956-ல் பொதுமக்களுக்காக அரசாங்கம் உருவாக்கியது. சீனா முழுக்கப் பூங்காக்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதுதான்.

அப்புறம் ஒரு தவறு செய்தேன். நகரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிச் சேர்ந்தேன், இரண்டே வாரத்தில் முழு வடிவமும் முடித்துச் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள், தரவும் செய்தார்கள். தாழ உட்கார்ந்து செய்யச் சொன்னவர்கள் முட்டி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. வலது முட்டி வீங்கி மாடிப்படி ஏற முடியாமல் போனது. அந்தப் பூங்காப் பாட்டிதான், "இதெல்லாம் பிறந்த ஊர் இங்கேயிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தானே, அங்கே போய்க் கேள்" என்றார். வீட்டில் திட்டவில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், மார்க் குறையாதே என்று.

சீன ஆசான் வெளிநாட்டுப் பெண்ணை உடனே ஏற்றுக்கொண்டாரா? பாஷை தெரியாமல் எப்படிக் கற்றீர்கள்?
வாசகர்கள் பலர்

ஏற்றுக்கொண்டார், ஆனால் ஒன்றும் சொல்லித் தரவில்லை. நிற்கச் சொன்னார். அவ்வளவுதான். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பெரிய குடத்தைக் கட்டிப் பிடித்த மாதிரி கைகளை முன்னால் வைத்து நிற்க வேண்டும், ஜான்ஜுவாங் என்று பெயர், மரம்போல் நிற்பது. ஐந்து நிமிடத்தில் தொடை நடுங்கும். அவர் டீ ஃப்ளாஸ்கோடு முற்றத்தைச் சுற்றி வருவார், என் அருகில் வந்ததும் இரண்டு விரலால் என் தோளை ஒரு தட்டுத் தட்டுவார், தோள் ஒரு அங்குலம் கீழே இறங்கும். அந்தத் தட்டு விழும்வரை நான் தோளைத் தூக்கி வைத்திருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது. அடுத்த சுற்று வரும்போது மறுபடி மேலே ஏறியிருக்கும், மறுபடி தட்டுவார். முதல் மூன்று மாதம் நான் போன வார இறுதிகளில் எல்லாம் நடந்தது இதுதான்.

பாஷையைப் பொறுத்தவரை, வகுப்பில் படித்த சீனம் கிராமத்தில் பாதிக்குமேல் உதவவில்லை. ஹெனான்காரர்கள் நம்ம 'சரி' மாதிரி ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், 'ஜோங்'. சாப்பாடு நல்லா இருக்கா என்றால் ஜோங், நாளைக்கு வருகிறாயா என்றால் ஜோங். சரியில்லை என்றால் 'பூ ஜோங்'. எனக்குக் கிடைத்ததெல்லாம் பூ ஜோங். மற்றதை என்னைவிட இருபது வயது மூத்த ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார். நமக்கு முன்னால் சேர்ந்த பெண்ணை அங்கே 'ஷிஜியே' என்பார்கள், ஒரே ஆசானிடம் கற்கிற அக்கா என்று பொருள். அவர் என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் காட்டுவார். வார்த்தையைவிட அது நன்றாகப் புரிந்தது.

பெயருக்கு வாசல் திறந்திருப்பதும் உள்வீட்டுச் சீடராக ஏற்பதும் வேறு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். சீடராவதற்கு முறைப்படி ஒரு மடல் எழுதிக் கொடுத்து, மண்டியிட்டு வணங்கி, ஆசானுக்குத் தேநீர் கொடுக்கும் சடங்கு உண்டு. அதோடு கடமைகளும் வரும், ஆசான் குடும்பத்து நல்லது கெட்டதுக்கெல்லாம் போய் நிற்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய்விடப் போகிறவள் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது, ஆசானும் வற்புறுத்தவில்லை. நான் அவருடைய மாணவி மட்டும்தான்.

ஒன்று சொல்கிறேன், அந்த ஊருக்கு அந்நியர்கள் புதிதில்லை. தாய்ச்சி அந்த ஊர்ச் சென் குடும்பத்தின் கலை, அதை வெளியாள் ஒருவர் முழுசாகக் கற்றது 19-ஆம் நூற்றாண்டில், ஹெபெய் மாகாணத்து யோங்நியானிலிருந்து வந்த யாங் லூச்சான் அவர். சென் சாங்ஷிங் என்பவர் அவருக்குக் கற்பித்தார். இரவில் ஒளிந்திருந்து பார்த்துத்தான் முதலில் கற்றார் என்று ஊரில் கதை சொல்வார்கள், கதை எவ்வளவு உண்மையோ, அவர் பெய்ஜிங் போய்ப் பரப்பியதால்தான் தாய்ச்சி ஊரைத் தாண்டி வெளியே வந்தது என்பது உண்மை.

தாய்ச்சியில் ஒரே ஒரு அசைவை எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்க முடியுமா?
வாசகி, முத்தியால்பேட்டை

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

சென் மரபின் முதல் வடிவத்தில், லாவ்ஜியா யீலூ என்பார்கள், தொடக்கத்திலேயே வரும் அசைவுக்கு 'ஜிங்காங் தாவ்துய்' என்று பெயர். ஜிங்காங் என்பது நம்ம வஜ்ரம்தான், புத்த மதத்தோடு சீனாவுக்குப் போன சொல்லின் மொழிபெயர்ப்பு, கோயில் வாசலில் நிற்கிற வஜ்ரக் காவலன். தாவ்துய் என்றால் உரலில் இடிப்பது. துவாரபாலகர் உரல் இடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடைசியில் வலது முஷ்டி மேலே போகும், வலது முட்டியும் கூடவே எழும், இரண்டும் ஒன்றாக இறங்கி, முஷ்டி இடது உள்ளங்கையில் விழும்போதே பாதம் தரையில் விழும்.

எனக்கு ஒரு வருடம் வரவில்லை. நான் குத்தினேன். முஷ்டியை உள்ளங்கையில் அடித்தேன், காலால் தரையை உதைத்தேன், சத்தம் மட்டும் வந்தது, குதிகால் வலித்தது. ஆசான் தலையை ஆட்டி, தன் கையைத் தூக்கி அப்படியே விட்டுவிடுவார், ஈரத்துணி விழுகிற மாதிரி விழும், ஆனால் முற்றத்து மண் அதிரும். என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் அத்தை வீட்டில் கொழுக்கட்டைக்கு அரிசி இடித்தார்கள். மிக்ஸியில் இடித்தால் பதம் வராது என்று அத்தை இன்னும் பிடிவாதமாக உரலை வைத்திருக்கிறார். நான் உலக்கையை வாங்கி நாலு குத்து குத்தினேன், மூச்சு வாங்கியது. அத்தை, "ஏண்டி உலக்கைய அடிக்கிற? தூக்குறதுதான் உன் வேலை, எறங்குறது அதோட வேலை" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆறாயிரம் பேர் படிக்கிற கல்லூரி நூலகத்தில் கிடைக்காத விளக்கம் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடைத்தது. மறுபடி போனதும் முதல் காலையில் முஷ்டியைத் தூக்கினேன், அப்புறம் விட்டேன். ஆசான் டீயை உறிஞ்சிக்கொண்டே "ஜோங்" என்றார். முதல் ஜோங்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் நம்ம வீட்டு வேலையில் தேட ஆரம்பித்தேன். 'சான்ஸி' என்று ஒன்று இருக்கிறது, பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கிற மாதிரிச் சுழல்வது, சென் மரபின் உயிரே அதுதான். திடீரென்று இழுத்தால் நூல் அறும், தளர விட்டால் சிக்கும். நான் பட்டு நூல் எடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியிருக்கிறேன். குழவியைக் கை சுற்றினால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு போய்விடும், இடுப்பு சுற்ற வேண்டும், கை குழவியோடு சும்மா ஒட்டிக்கொண்டு போக வேண்டும். தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள், கையால் இழுப்பதே இல்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்வார்கள், உடம்பின் எடை வலையை இழுக்கும். தாய்ச்சியில் 'ஸோங்' என்று நாள் முழுக்கச் சொல்வார்கள், தளர்வு. அது சோம்பலும் இல்லை, தொய்வும் இல்லை. தேவையில்லாத இடத்தில் பிடித்து வைத்திருக்கும் பலத்தை விட்டுவிடுவது. இதைச் செய்து காட்டக்கூடிய ஆட்கள் நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

குங்ஃபூ, தாய்ச்சி எல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கற்றுக்கொடுத்ததுதானே? அதை ஏன் கட்டுரையில் எழுதவில்லை?
வாசகர், நெல்லிக்குப்பம்

இதே கேள்வியோடு ஏழு கடிதம் வந்தது. உங்கள் ஆர்வம் எனக்கும் உண்டு, அதனால்தான் ஷாவ்லின் கோயிலுக்கும் போய் வந்தேன். அதுவும் ஹெனானில்தான், மஞ்சள் ஆற்றுக்குத் தெற்கே சோங் மலையில், சென்ஜியாகோவ் ஆற்றுக்கு வடக்கே. ஷாவ்லின் கோயில் 495-ல் கட்டப்பட்டது பாத்துவோ என்ற இந்தியத் துறவிக்காக. போதிதர்மரைப் பற்றிய பழைய சீனக் குறிப்புகளில் 547-ஐச் சேர்ந்த ஒன்று அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. அவர் தியானம் கற்பித்ததாக அவை சொல்கின்றன, சண்டை கற்பித்ததாக அவற்றில் ஒரு வரிகூட இல்லை. ஷாவ்லின் துறவிகள் 621-ல் தாங் வம்சத்து லீ ஷிமின் பக்கம் போரில் உதவியதற்குக் கோயிலிலேயே 728-ஆம் வருடக் கல்வெட்டு இருக்கிறது. போதிதர்மரை உடற்பயிற்சியோடு சேர்த்துப் பேசுகிற நூல் 1624 என்று தேதியிட்டது, அதாவது அவருக்கு ஆயிரம் வருடத்துக்குமேல் கழித்து வந்தது. அதன் முன்னுரையை ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை.

தாய்ச்சிக்கும் ஷாவ்லினுக்கும் நேரடித் தொடர்பு சொல்ல முடியாது. சென் வாங்திங் என்ற, மிங் வம்சத்தின் கடைசியில் வென் மாவட்டக் காவல்படையில் இருந்த ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் உருவாக்கியதாகக் கிராமத்தில் சொல்கிறார்கள், வரலாற்றாசிரியர்கள் பலரும் அதை ஏற்கிறார்கள். அவருக்கு முன்பே 16-ஆம் நூற்றாண்டில் சீ ஜிகுவாங் என்ற தளபதி எழுதி வைத்த 32 நிலைகளில் பல, பெயரோடு இதில் இருக்கின்றன. அந்த 32-ல் முதலாவது 'லான் ஜா யீ', அலட்சியமாக அங்கியைச் செருகிக்கொள்வது. கோதாவில் இறங்குமுன் வேட்டியை மடித்துக் கட்டுகிற நம்ம ஆட்கள்தான் எனக்கு ஞாபகம் வருவார்கள். நம்மிடமிருந்து சீனாவுக்குப் போனதில் வஜ்ரம் என்ற சொல் இருக்கிறது, தியானம் இருக்கிறது, அதற்கே பெருமைப்படலாம். இல்லாததைச் சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிலம்பம் இருக்கும்போது சீனக்கலை எதற்கு? நம் பிள்ளைகளுக்குத் தவறான வழி காட்டுகிறீர்கள்.
சிலம்ப ஆசிரியர் ஒருவர், கடலூர் முதுநகர்

ஐயா, உங்கள் கோபத்தை மதிக்கிறேன். நானும் பள்ளியில் படிக்கும்போது மாமாவிடம் நாலு வருடம் கம்பு சுற்றியவள். சென்ஜியாகோவில் எனக்கு முதல் மரியாதை வாங்கிக்கொடுத்தது அந்தக் கம்புதான். அங்கே வெண்மெழுகு மரத்தில் செய்த நீளக் கழி வைத்துப் பயிற்சி செய்வார்கள், ஆளைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூட இருக்கும், ஒரு முனையைப் பிடித்து இடுப்பை உதறினால் மறுமுனை பாம்பு மாதிரி துடிக்க வேண்டும். எனக்கு அது துடிக்கவில்லை. அதனால் ஒரு மாலையில் சின்னக் கழி ஒன்றை எடுத்து நம்ம வீச்சு ஒன்றைச் சுற்றிக் காட்டினேன். முற்றத்தில் இருந்த எல்லோரும் பயிற்சியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். ஆசான் கழியைப் பார்க்கவே இல்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், முடித்ததும் இந்தக் காலடி யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். மாமா பெயரைச் சொன்னேன். அவர் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

பிள்ளைகள் முதலில் சிலம்பம் கற்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சென்ஜியாகோவிலும் இந்தக் கலை கிட்டத்தட்ட அணைந்து போகப் பார்த்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும். சென் ஃபாகே போன்ற பெரியவர்கள் 1928 வாக்கில் பெய்ஜிங் போய்விட்டார்கள், பஞ்சமும் போரும் வந்தன, ஊரில் கற்பிக்க ஆளில்லை. சென் ஜாவ்பி என்ற வயதானவர் 1958-ல் ஊருக்கே திரும்பி வந்து இளைஞர்களைச் சேர்த்தார், கலாசாரப் புரட்சியில் அவமானப்பட்டார், 1972-ல் இறந்துபோனார். இன்று உலகம் சுற்றிக் கற்பிக்கிற பெரிய ஆசான்கள் பலர் அவரிடம் கற்ற பிள்ளைகள். தாய்ச்சி 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததற்கு அந்த ஒரு மனிதர் ஊர் திரும்பியதும் காரணம் என்றே நினைக்கிறேன். முதுநகரில் நீங்கள் தினமும் மாலையில் செய்வதும் அதே வேலைதான். அடுத்த மாதம் உங்கள் களத்துக்கு வந்து பார்க்க அனுமதி தாருங்கள்.

நிஜச் சண்டையில் இது உதவுமா?
கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பெரும்பாலும் உதவாது, இப்போது எல்லோரும் கற்கிற விதத்தில். நான் அங்கே இருந்தபோதே, 2017 ஏப்ரலில், செங்டூவில் ஷூ ஷியாவ்தோங் என்ற கலப்புச் சண்டை வீரர் தாய்ச்சி ஆசான் என்று சொல்லிக்கொண்ட ஒருவரைச் சில நொடிகளில் வீழ்த்தினார், வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் முற்றத்தில் அதைப் பற்றி யாரும் கோபப்படவில்லை. அடி வாங்கிப் பழகாதவன் அடி வாங்குவான் என்று ஆசான் சொன்னார், அன்று மாலை துய்ஷோ நேரத்தை இரண்டு மடங்காக்கினார். துய்ஷோ என்பது இருவர் கையோடு கை ஒட்டி எதிராளியின் நிலையைக் குலைப்பது. நாற்பத்தைந்து கிலோகூட இல்லாத என் ஷிஜியே என்னை எத்தனை முறை சுவரோரம் கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார்! தள்ளுவது தெரியாது, நான் எங்கே விறைக்கிறேனோ அங்கேயே பிடித்துவிடுவார். இது பெரிய விஷயம்தான், ஆனால் தெருச்சண்டை வேறு. தம்பி, பயம் இருந்தால் ஓடுவதற்குப் பழகுங்கள், குத்துச்சண்டை கற்றுக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு 68 வயது, பார்க்கின்சன். தாய்ச்சி செய்யலாமா? எனக்கு மூட்டு வலி.
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அம்மா, செய்யலாம், உங்கள் நரம்பியல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. 2012-ல் அமெரிக்காவில் 195 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து 24 வாரம் ஒரு ஆய்வு நடத்தினார்கள், வாரம் இரண்டு முறை தாய்ச்சி செய்தவர்களுக்கு மற்ற பயிற்சி செய்தவர்களைவிட உடல் சமநிலை நன்றாக இருந்தது. நோய் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கீழே விழாமல் இருப்பதுதான் லாபம், அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களைத் தினமும் பார்க்கிற எனக்கு அது எவ்வளவு பெரிய லாபம் என்று தெரியும். தொடக்கத்தில் அவர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மெதுவாக மாற்றட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

உங்கள் முட்டிக்கு ஒரே விதி. முட்டி கால் விரல் பார்க்கும் திசையிலேயே பார்க்க வேண்டும், உள்பக்கம் மடங்கக் கூடாது. தாழ உட்காரவே வேண்டாம், நிமிர்ந்து நின்றே செய்யுங்கள். நான் இதைத் தெரியாமல் போய்த்தான் கஷ்டப்பட்டேன்.

இது சீனர்களின் மத வழிபாடா? நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம்.
வாசகி, அரியாங்குப்பம்

இல்லை. யின் யாங் என்ற தத்துவம் பேச்சில் வரும், கும்பிட வேண்டிய சாமி எதுவும் வராது. ஞாயிறு திருப்பலி முடித்துவிட்டே எங்களோடு பயிற்சிக்கு வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?
வாசகி, நெய்வேலி

ஹெனான் கோதுமை பூமி. சோறு அபூர்வம், எங்கும் நூடுல்ஸும் ஆவியில் வெந்த மாந்தோ என்ற வெள்ளை ரொட்டியும்தான். அம்மா அனுப்புகிற பருப்புப் பொடியை மாந்தோவில் தடவிச் சாப்பிட்டிருக்கிறேன். வென் மாவட்டத்தில் ஒல்லியாக நீளமாக ஒரு வள்ளிக்கிழங்கு பிரசித்தம், இரும்புக்கம்பிக் கிழங்கு என்று பெயர், மருந்தாகவும் சாப்பிடுவார்கள். தோல் சீவும்போது கருணைக்கிழங்கு மாதிரியே கை அரிக்கும். ஆசான் வீட்டம்மா அரிப்பில் தவிப்பார், நான் நம்ம ஊர் வழக்கப்படி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சீவிக் காட்டினேன், அன்றிலிருந்து கிழங்கு சீவுகிற வேலை எனக்கே வந்துவிட்டது.

யூடியூப் பார்த்துக் கற்கலாமா? உங்களிடம் கற்க எங்கே வர வேண்டும்?
வாசகர்கள் பலர்

அசைவின் வரிசையை வீடியோவில் கற்கலாம். தோள் ஏறியிருப்பதை வீடியோ தட்டிச் சொல்லாது, அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

நான் ஆசான் இல்லை, வகுப்பு நடத்தவில்லை, பணமும் வாங்குவதில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் பக்கம் கொஞ்சம் நடந்தால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆறேழு பேர் நின்றுகொண்டிருப்போம், வண்டிகள் விடாத நேரம், அதனால் பயமில்லை. செருப்பு வழுக்கும், கேன்வாஸ் ஷூ போதும். மழை பெய்தால் இல்லை. புதிதாக வருகிறவர்களை நடுவில்தான் நிறுத்துவோம்.